புதிய பதிப்பு என்னை ஒன்றும் கேட்கவில்லை

அன்பும் பொறுமையும் நிறைந்த மாப்பிள்ளை அவர்களுக்கு,

உங்கள் மாமனார் எழுதிக்கொண்டது. இங்கே நானும் உங்கள் அத்தையும் உடம்பளவில் சுகம். மனதளவில் எப்படி என்பதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். அங்கே நீங்களும் என் மகளும் சுகம் என்று அவளே தொலைபேசியில் சொல்லிவிட்டாள், ஆகவே அதை விசாரித்து உங்கள் நேரத்தை வீணாக்கவில்லை. உங்களுக்கு இருமல் விட்டபாடில்லை என்றாள். வெந்நீர் குடியுங்கள்.

இந்தக் காலத்தில் காகிதத்தில் கடிதமா என்று சிரிப்பீர்கள். மின்னஞ்சல் அனுப்ப வேண்டுமென்றால் பிரவுசரைத் திறக்க வேண்டும். அதன் முகத்தில் விழிக்க எனக்கு இப்போது மனமில்லை. குடும்பக் குழுவில் எழுதலாமென்றால் அதில் உங்கள் அப்பாவும் இருக்கிறார். நான் 'காலை வணக்கம்' போட்டாலே அவர் குழுவை விட்டு வெளியேறிவிடுகிறார். என் மகள் மறுபடி சேர்க்கிறாள், மறுநாள் நான் வணக்கம் சொல்கிறேன், அவர் மறுபடி வெளியேறுகிறார். வணக்கம் சொல்வதை நிறுத்தலாமே என்கிறாள் உங்கள் அத்தை. நிறுத்தினால் தப்பு என் பேரில் என்று ஆகிவிடாதா?

விஷயத்துக்கு வருகிறேன். என் சம்பந்தி, அதாவது உங்கள் அப்பா, என்னோடு பேசுவதை விட்டுவிட்டார். அவர் தரப்பை நீங்கள் கேட்டிருப்பீர்கள். நன்றாகவே சொல்லியிருப்பார், மருந்துக்கடை நடத்தியவர், கசப்பானதை எந்த அளவில் கொடுக்க வேண்டும் என்று தெரிந்தவர். என் தரப்பு இதுவரை யாரும் கேட்காமல் கிடக்கிறது. நான் கடை கடையாகப் போய்த் தராசுகளைச் சோதித்து முத்திரை வைத்த அரசாங்க ஆய்வாளன் என்பது உங்களுக்குத் தெரியும். ஒரு தட்டை மட்டும் பார்த்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது என்பதற்காக எழுதுகிறேன்.

உங்கள் அம்மா போன பிறகு அவர் அந்த வீட்டில் தனியாக இருப்பதைப் பற்றி நான் சொல்லி நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டியதில்லை. கடையையும் கொடுத்துவிட்டார். 'பையன் வான்னு கூப்பிடறான் சம்பந்தி, அங்க போய் நான் எந்த அலமாரியில உக்கார்றது?' என்பார். அப்போது ஆரம்பித்ததுதான் இந்தச் சதுரங்கம். தினமும் மாலையில் அவர் அந்த ஊரில் கம்ப்யூட்டர் முன்னால், நான் இந்த ஊரில் கம்ப்யூட்டர் முன்னால். அந்தத் தளத்தில் பெயர் கேட்பதில்லை, கடவுச்சொல் கேட்பதில்லை. ஒருவர் ஒரு பலகையைத் திறந்து அதன் முகவரியை மற்றவருக்கு அனுப்பினால் போதும். இதைவிட நல்ல தளங்கள் இருக்கின்றன என்று நீங்கள் எடுத்துச் சொன்னீர்கள், அவர் ஒப்பவில்லை. 'ஆயுசு பூரா அடுத்தவங்க பேரை மருந்துச் சீட்டுல படிச்சுப் படிச்சு அலுத்துப்போச்சு. பேரில்லாத இடமா பாத்து உக்காருவோம்' என்றார். அதில் உள்ள ஒரே சங்கடம், ஒருவர் பக்கத்தை மூடிவிட்டுக் கால் மணி நேரத்துக்குள் திரும்பி வராவிட்டால் பலகை அழிந்துபோகும். மற்றபடி சொர்க்கம். பலகைக்குக் கீழே பேசிக்கொள்ள ஒரு சின்னப் பெட்டி. காய் நகர்த்துவது கொஞ்சம், பெட்டியில் வம்பு வளர்ப்பது நிறைய.

அந்த வம்பில்தான் பிரவுசர் வந்து விழுந்தது. ஒரே பிரவுசர்தான் இருவருக்கும். அவர் புதிய பதிப்பு வந்த அன்றே நிறுவிவிடுவார். நான் கம்ப்யூட்டர் வாங்கிய அன்று வந்ததையே வைத்திருந்தேன். 'காலாவதியான மாத்திரையை முழுங்குவீங்களா சம்பந்தி? அப்புறம் எதுக்குக் காலாவதியான பிரவுசர்?' என்று ஆரம்பிப்பார். 'புதுசுல என்ன வந்திருக்கு, அதைச் சொல்லுங்க' என்பேன். உண்மையிலேயே என்ன வந்திருக்கிறது மாப்பிள்ளை? இடது பக்கம் இருந்த பொத்தான் வலது பக்கம் போயிருக்கிறது. கூராக இருந்த மூலை உருண்டையாகியிருக்கிறது. ஒவ்வொரு பதிப்பும் முந்தையதைவிட வேகம் என்று எழுதிக்கொள்கிறார்கள். இத்தனை பதிப்பு வேகத்தையும் கூட்டினால், நான் நாற்காலியில் உட்காருவதற்கு முன்பே பக்கம் திறந்திருக்க வேண்டும். 'தராசுக்கு முத்திரைதான் முக்கியம், பளபளப்பு இல்ல' என்று ஒருநாள் அடித்துச் சொன்னேன். 'முத்திரையை வருஷா வருஷம் புதுப்பிக்கணும்னு கடைக்காரங்களை விரட்டினது நீங்கதானே?' என்று கேட்டார். அதற்குப் பதில் கிடைக்கவில்லை. ஆகவே, எழுத்தில் எப்படி முடியுமோ அப்படிக் குரலை உயர்த்தினேன்.

வாயால் பேசி என்ன பயன், சோதித்தே காட்டிவிடுவோம் என்று இறங்கினேன். அதுதான் என் முதல் வருத்தம். என் பழசோடு போட்டிக்கு வேறு இரண்டு பிரவுசர்களை இறக்கினேன். பெயர் சொல்லமாட்டேன், இந்த வயதில் வழக்குக்கு அலைய முடியாது. ஒன்றுக்கு நீலம் என்றும் மற்றதற்கு மௌனி என்றும் நானே பெயர் வைத்துக்கொண்டேன். உங்கள் அத்தையைச் சமையலறையில் நேரம் பார்க்கும் மணிக்கருவியோடு பக்கத்தில் உட்கார வைத்தேன். நீலம் கண்ணிமைப்பதற்குள் திறந்தது, பொய் சொல்லக்கூடாது. ஆனால் திறந்ததிலிருந்து கம்ப்யூட்டர் உள்ளே விசிறி போட்ட கூச்சலில், மாடியில் குடியிருக்கும் தையற்காரர் இறங்கி வந்து, 'ஐயா, மிக்ஸியில கல்லு மாட்டிக்கிச்சா?' என்று விசாரித்துவிட்டுப் போனார். அது போகட்டும். 'உங்கள் பழைய பிரவுசரில் உள்ள எல்லாவற்றையும் இங்கே கொண்டுவரட்டுமா?' என்று நீலம் பணிவாகக் கேட்டது. பணிவாகக் கேட்டால் எனக்கு மறுக்க வராது. கொண்டுவரச் சொன்னேன். எல்லாவற்றையும் கொண்டுவந்தது. உங்கள் அத்தை என்னென்ன தேடியிருக்கிறாள் என்பதையும் வரிசையாகக் கொண்டுவந்து வைத்தது. 'கணவர் குறட்டை நிறுத்த வழி'. 'ஓய்வு பெற்ற கணவருக்குப் பொழுதுபோக்கு, வீட்டுக்கு வெளியே'. 'வீட்டுக்கு வெளியே' என்பதை இரண்டு தரம் தேடியிருக்கிறாள். 'அது தப்பா காட்டுதுங்க' என்று சொல்லிவிட்டு மணிக்கருவியோடு சமையலறைக்குப் போனவள் அதற்குப் பிறகு சோதனைக்கு வரவில்லை.

மௌனி, யாரையும் நம்மை வேவு பார்க்கவிடாது என்று பேர் வாங்கியது. எத்தனை பேரைத் தடுத்தது என்று மூலையில் ஒரு கேடயத்தில் எண் போட்டுப் பெருமையடித்துக்கொண்டது. தடுத்ததில் சதுரங்கப் பலகையும் சேர்த்தி. காவல்காரன் நல்லவன்தான், வீட்டுக்காரனையே உள்ளே விடமாட்டேன் என்றால் என்ன செய்வது? கடைசியில், என் கைக்கடிகாரக் கணக்கில், என் பழசே முதலில் வந்தது. முதல் சுற்றில் தோற்று, அடுத்தடுத்த சுற்றுகளில் எல்லோரையும் தூக்கிச் சாப்பிட்டுவிட்டது. வெற்றி வெற்றி என்று பெட்டியில் எழுதினேன். உங்கள் அப்பா நிதானமாகப் பதில் போட்டார்: 'ஒரு தடவை திறந்த பக்கத்தை அது எடுத்து வெச்சுக்கும் சம்பந்தி. அடுத்த தடவை உள்ளேர்ந்தே காட்டும். பழசை மட்டும் திரும்பத் திரும்பத் திறந்து பாத்திருப்பீங்க. தட்டுல ஏற்கெனவே சாமான் இருக்கறப்ப எடை போட்டுட்டு முத்திரை வேற குத்தறீங்களே!' தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். நான் தராசால் கெட்டேன். இரண்டு நாள் கண்ணாடியில் என் முகத்தையே பார்க்கவில்லை.

இதெல்லாம் விளையாட்டு மாப்பிள்ளை. விளையாட்டு இல்லாததை இப்போது சொல்கிறேன். கொஞ்ச காலமாக உங்கள் அப்பா ஆட்டத்துக்கு ஆட்டம் தோற்றுக்கொண்டிருந்தார். முன்பெல்லாம் என்னைப் பத்து நிமிடத்தில் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டு போவார். இப்போது நகர்த்தின காயையே மறந்துவிட்டு, 'இந்தக் குதிரை இங்க எப்படி வந்துச்சு?' என்று கேட்கிறார். 'மாத்திரை பேரெல்லாம் மறந்துபோகுது சம்பந்தி. தூக்கத்துல கேட்டாலும் சொல்லுவேன், இப்ப முழிச்சிருக்கறப்பவே வரல' என்று ஒருநாள் எழுதினார். பதிலுக்கு நான் ஒரு சிப்பாயை நகர்த்தினேன். ஒருநாள் மனசு கேட்காமல் வேண்டுமென்றே தோற்றுக் கொடுத்தேன். கண்டுபிடித்துவிட்டார். 'மருந்துன்னு சொல்லி சர்க்கரை உருண்டை கொடுக்கறீங்களா? இந்த வேலையெல்லாம் நான் பாத்தது' என்று எழுதிவிட்டு அன்றைய பலகையை மூடிவிட்டுப் போய்விட்டார். அதற்குப் பிறகுதான் அந்தச் சபதம்: 'இன்னும் ஒரே ஒரு ஆட்டம். இதுலயும் தோத்தா, மூளை போயிடுச்சுன்னு அர்த்தம். கம்ப்யூட்டரைத் துணி போட்டு மூடிட்டு உக்காந்துடுவேன்.' அவர் சொன்னால் செய்வார். உங்கள் அம்மா காலமான மாதத்தில் வானொலியை அணைத்தவர் இன்றுவரை போடவில்லை. மாலையில் செய்ய ஒன்றும் இல்லாமல் அந்த வீட்டில் அவர் எப்படி இருப்பார் என்று எண்ணிப் பார்த்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

அந்த ஒரே ஆட்டத்தின் நடுவில்தான் இந்தப் பாழாய்ப்போன பதிப்பு வந்து கெடுத்தது. அன்று அவர் நிதானமாக ஆடினார், பெட்டியில் ஒரு வார்த்தை வம்பு இல்லை. ஆட்டம் முக்கால்வாசி போயிருக்கும், திரையின் மூலையில் 'புதிய பதிப்பு தயார், இப்போதா, பிறகா?' என்று அறிவிப்பு வந்தது. தினமும் வருவதுதான், தினமும் 'பிறகு' என்று திருப்பி அனுப்புவதுதான். அன்று என் சட்டைக்கை மவுஸில் பட்டதோ, மூக்குக்கண்ணாடி நழுவியதோ, என்ன நடந்தது என்றே தெரியவில்லை. பக்கம் மறைந்தது. பிரவுசர் புது முகத்தோடு எழுந்து வந்து, 'புதியது என்ன?' என்று ஒவ்வொரு பொத்தானாக அறிமுகம் செய்ய ஆரம்பித்தது. 'அடுத்து' 'அடுத்து' என்று அமுக்கி மாளவில்லை. அதை முடித்தால், பலகையின் முகவரி மின்னஞ்சலில் இருக்கிறது. மின்னஞ்சல் கடவுச்சொல் கேட்கிறது. கடவுச்சொல் பழைய பதிப்புக்குத்தான் தெரியும், எனக்கு எப்படித் தெரியும்? கால் மணி நேரம் போனது, பலகையும் போனது.

உடனே தொலைபேசி. 'ஏன் சம்பந்தி எழுந்து போயிட்டீங்க?'

'நான் போகல, பிரவுசர் போயிடுச்சு. புதுப் பதிப்பு.'

'புதுப் பதிப்பு அப்படிப் பண்ணாது! மூடித் திறந்ததும், பழைய பக்கமெல்லாம் திரும்பத் திறக்கவான்னு கேக்குமே. நான் தினம் பாக்கறேன்.'

'என்னை ஒண்ணும் கேக்கல.'

'கேட்டிருக்கும். வேண்டாம்னு அமுக்கியிருப்பீங்க. இன்னும் ரெண்டே நகர்த்தல், உங்க கதை முடிஞ்சிருக்கும். அது தெரிஞ்சுதான் புறமுதுகு காட்டிட்டீங்க!'

வைத்துவிட்டார். என்னையா புறமுதுகு என்றார்? சந்தையில் கத்தியைக் காட்டின வியாபாரியின் தராசையே பறிமுதல் செய்தவன் நான். அன்றிலிருந்து பேச்சில்லை. பிரவுசர் முகத்தில் விழிக்கப் பிடிக்காவிட்டாலும், மாலையானால் கை தானாக அந்தத் தளத்தைத் திறக்கிறது. எதிர்ப்பக்கம் ஆளில்லாத பலகையைப் பார்த்துக்கொண்டே தேநீர் ஆறிப்போகிறது. மனம் விட்டுச் சொல்கிறேன், எனக்கு அவரில்லாமல் பொழுது போகமாட்டேன் என்கிறது. பெண்ணைக் கொடுத்த இடத்தில் வாய்த்த சம்பந்தி, கூடப் பிறந்தவன்கூட இந்த வயதில் இத்தனை சண்டை போட வரமாட்டான்.

ஆகவே நீங்கள் செய்ய வேண்டியது ஒன்று. நீங்கள் இந்தத் துறையில் இருப்பவர், உங்கள் சொல்லுக்கு அவரிடம் மதிப்பு உண்டு. புதிய பதிப்புகளில் இப்படியெல்லாம் ஆவது சகஜம், சில கம்ப்யூட்டரில் கேட்கும், சில கம்ப்யூட்டரில் கேட்காது, மாமா சொல்வது நிஜம் என்று ஒரு வார்த்தை சொல்லுங்கள். நீங்கள் அனுப்பிய செய்தியையும் பார்த்தேன். 'கவலைப்படாதீங்க மாமா, பலகை அழிஞ்சாலும் கடைசியா இருந்த பக்கம் உங்க கம்ப்யூட்டர் உள்ள எங்கயாவது இருக்கும். ஞாயித்துக்கிழமை வந்து எடுத்து, அப்பாவுக்கே காட்டிடலாம்' என்று எழுதியிருந்தீர்கள். எவ்வளவு நல்ல மனது! ஆனால் அந்தச் சிரமமெல்லாம் உங்களுக்கு எதற்கு? இருமல் வேறு.

புதிய பதிப்பை நம்பியது என் தலையெழுத்து. என் அனுபவத்தில் அதனால் ஒரு காசுக்குப் பிரயோசனம் கிடையாது என்று முத்திரை குத்திச் சொல்கிறேன்.

நீங்கள் இருவரும் குறைவில்லாமல், நோய்நொடி அண்டாமல், பாதியில் நின்றுபோகாத கம்ப்யூட்டர்களோடு நீண்ட காலம் வாழ, நானும் உங்கள் அத்தையும் மனமார வாழ்த்துகிறோம்.

என்றும் உங்கள் நலம் நாடும்,
மாமனார்

பின்குறிப்பு: உறையில் போடுவதற்கு முன் உங்கள் அத்தை இதை வாங்கிப் படித்தாள். 'பொய் சொன்னாலும் பொருந்தச் சொல்லணும். மாப்பிள்ளைக்கு இதுதானே தொழில், ஞாயித்துக்கிழமை வந்து ரெண்டு நிமிஷத்துல கண்டுபிடிச்சிடுவாரு' என்றாள். அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இத்தனை பக்கத்தைக் கிழிக்க மனம் வரவில்லை, ஆகவே மேலே எழுதியதை அப்படியே விட்டுவிட்டு நடந்ததைக் கீழே எழுதுகிறேன்.

உங்கள் அப்பா கடைசியாக யானையை முன்னால் கொண்டுவந்தார். என்னை மடக்குகிற நினைப்பில் தன் ராஜாவைத் திறந்து போட்டுவிட்டார், பார்க்கவில்லை. நான் ராணியை ஒரு கட்டம் நகர்த்தினால் ஆட்டம் முடிந்தது. விட்டுக் கொடுத்தால் கண்டுபிடித்துவிடுவார். என்ன செய்வது என்று கணக்குப் போட்டுக்கொண்டிருந்தபோதுதான் மூலையில் அறிவிப்பு வந்தது. சட்டைக்கை படவில்லை. ஆயுளில் முதல் தடவையாக நானே மனமுவந்து 'இப்போது' என்று அமுக்கினேன்.

பிரவுசர் நொடியில் எழுந்து வந்தது. பொத்தான் அறிமுகம் எல்லாம் ஒரு சின்ன மூலையில், தள்ளினால் போய்விட்டது. கடவுச்சொல்லை யாரும் கேட்கவில்லை. திரைக்கு நடுவில் பெரிய எழுத்தில் ஒரே கேள்வி: 'முன்பு திறந்திருந்த பக்கங்களை மீண்டும் திறக்கட்டுமா?' பழைய பதிப்பு ஒருநாளும் இப்படிக் கேட்டதில்லை, போனது போனதுதான். பணிவாகக் கேட்டால் எனக்கு மறுக்க வராது என்று மேலே எழுதியிருக்கிறேன். அன்று மறுத்தேன். 'வேண்டாம்' என்று அமுக்கிவிட்டுக் கால் மணி நேரம் எழுந்திருக்காமல் உட்கார்ந்திருந்தேன்.

சற்று முன் தொலைபேசி அடித்தது. உங்கள் அத்தை எடுத்தாள். 'சம்பந்தியம்மா, உங்க வீட்டுக்காரர்கிட்ட சொல்லுங்க. நாளைக்குச் சாயந்திரம் பலகையைத் திறந்து வெச்சிருப்பேன். இந்தத் தடவை ஓடாம நாற்காலியோட சேத்துக் கட்டிப்போடுங்க' என்று சத்தம் போட்டார். கடையில் நின்று அதட்டுகிற குரல், இங்கே எனக்கே கேட்டது. மூளை போச்சு, துணி போட்டு மூடறேன் என்றெல்லாம் ஒரு வார்த்தை இல்லை. ஜெயிக்க வேண்டிய ஆட்டத்தை நான் பறித்துவிட்டேன் என்ற கோபம்தான் இருந்தது.

ஆகையால் மாப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமை வாருங்கள், சாப்பிடுங்கள், கம்ப்யூட்டரைத் தொடாதீர்கள். அவரிடம் எனக்காக ஒன்றும் பேச வேண்டாம். எனக்கு ஒரு வருத்தம்தான். அந்தப் பதிப்பு உண்மையிலேயே நல்ல பதிப்பு. அதை ஒப்புக்கொண்டால் அது கேட்டதையும் ஒப்புக்கொள்ள வேண்டும். இனி ஆயுள் முழுவதும் அவரோடு உட்கார்ந்து, புதுசில் ஒன்றுமே இல்லை என்று நான் சாதித்தாக வேண்டும். புதிய பதிப்பு கேட்கும் என்றார், கேட்டது. நான் வேண்டாம் என்று அமுக்கினேன் என்றார், அமுக்கினேன். ஜெயித்திருப்பேன் என்கிறார். அது மட்டும் அப்படியே இருக்கட்டும்.